கார்டில் சிப் இருந்தால் போதுமா?

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். அமெரிக்கா வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, கையில் இந்த ஊர் கிரெடிட் கார்டு ஒன்று இருக்கிறது. கோடையில் மதுரையிலிருந்து அப்பா அம்மா நேராகப் பாரிஸ் வருகிறார்கள். நீங்கள் இங்கிருந்து போய் அவர்களோடு சேர்ந்துகொண்டு, கார் எடுத்து சுவிட்சர்லாந்து வரை சுற்றுவதாகத் திட்டம். "கார்டில் சிப் இருக்கிறது, ஆனால் பாங்கில் பின் நம்பர் எதுவும் தரவில்லை. ஐரோப்பாவில் பின் கேட்பார்களாமே, வேறு கார்டு வாங்க வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடை, ஓட்டல், ரெஸ்டாரன்ட் என்று ஆள் நிற்கும் இடங்களுக்கு இப்போது இருக்கிற கார்டே போதும். ஆள் இல்லாத மெஷின்களுக்கு அது போதும் என்று நான் சொல்லமாட்டேன். வயதான இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள், அதனால் அந்த இடங்களை நினைத்துத்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு இதில் குழப்பம் வருவது இயல்பு. நம் ஊரில் சிப்பும் பின்னும் சேர்ந்தேதான் வந்தன. பழைய காந்தப் பட்டைக் கார்டுகளையெல்லாம் 2018 முடிவதற்குள் சிப்பும் பின்னும் உள்ளவையாக மாற்றச் சொல்லி ரிசர்வ் வங்கி பாங்குகளுக்குக் கெடு வைத்தது. அதனால் சிப் என்றாலே நாலு இலக்கம் அடிப்பது என்று கை பழகிவிட்டது. இங்கே வந்து பார்த்தால் கார்டைச் செருகுகிறோம், எடுக்கிறோம், யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

இந்த வித்தியாசம் வந்த கதையைச் சொல்கிறேன். பிரான்சில் பாங்க் கார்டுகள் எல்லாவற்றிலும் 1992லேயே சிப் வந்துவிட்டது. யூரோபே, மாஸ்டர்கார்டு, விசா என்ற மூன்று கார்டு நிறுவனங்களும் 90களில் சேர்ந்து உலகத்துக்கெல்லாம் பொதுவான விதிமுறை ஒன்றை வகுத்தன. அதைத்தான் ஈஎம்வி என்கிறார்கள். பிரிட்டனில் 2006 பிப்ரவரி 14 முதல் கடைகளில் பின் அடித்தாக வேண்டும் என்றாகிவிட்டது. அங்கெல்லாம் அந்தக் காலத்தில் ஒவ்வொரு பில்லுக்கும் பாங்குக்குப் போன் போட்டு அனுமதி வாங்குவது செலவு பிடித்த வேலை. அதனால் கடையிலேயே கார்டும் மெஷினும் பேசி முடித்துக்கொள்ளும்படி செய்தார்கள். அமெரிக்காவில் போன் மலிவு. ஒவ்வொரு பில்லும் பாங்குக்குப் போய் வந்தது, எனவே யாருக்கும் அவசரமில்லை. இங்கே முதல் சிப் கார்டை 2010ல் கொடுத்தது பெரிய பாங்க் எதுவுமில்லை, ஐக்கிய நாடுகள் சபை ஊழியர்களின் கிரெடிட் யூனியன், அதாவது உறுப்பினர்களுக்கே சொந்தமான கூட்டுறவு பாங்க். அவர்களுடைய உறுப்பினர்கள் ஊர் ஊராகப் போகிறவர்கள், அதனால் சிரமம் முதலில் தெரிந்தது அவர்களுக்குத்தான்.

2013 கடைசியில் டார்கெட் என்ற பெரிய அமெரிக்கக் கடைத் தொடரில் சுமார் 4 கோடி கார்டு நம்பர்கள் திருடுபோன பிறகு வேகம் பிடித்தது. 2015 அக்டோபர் 1 முதல், போலிக் கார்டால் நஷ்டம் வந்தால் சிப் வசதி செய்யாத தரப்பின் தலையில்தான் அது விழும் என்று விதி வந்தது. பெட்ரோல் பங்குகளுக்கு மட்டும் 2021 ஏப்ரல் வரை தள்ளிப்போனது. ஆனால் சிப்பைப் போட்ட பாங்குகள் பின்னைச் சேர்க்கவில்லை. பர்ஸில் நாலைந்து கார்டு வைத்திருப்பவர் பின் மறந்துபோனால் அடுத்த கார்டை எடுத்து நீட்டிவிடுவார் என்ற பயம் அவர்களுக்கு. அதனால் கையெழுத்தோடு விட்டார்கள். 2018ல் அந்தக் கையெழுத்தும் கட்டாயமில்லை என்று ஆகிவிட்டது.

சிப்புக்குள் ஒரு பட்டியல் எழுதியிருக்கும். கார்டு வைத்திருப்பவர் உரியவர்தானா என்று எப்படிச் சரிபார்ப்பது, எது முதலில், எது அடுத்து என்ற வரிசை அது. மெஷினுக்கும் அதேபோல் தனக்கு முடிந்தவை எவை என்று ஒரு கணக்கு உண்டு. இரண்டும் ஒத்துப்போகும் முதல் வழியில் பில் நடக்கும். இங்கத்திய கார்டுகள் பெரும்பாலானவற்றில் முதலில் இருப்பது கையெழுத்து. கடையில் இருக்கும் மெஷின் சரி என்று ஒரு சீட்டை அடித்துத் தரும், அதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வரலாம். ஆள் இல்லாத மெஷினால் கையெழுத்து வாங்க முடியாது. சரிபார்ப்பு எதுவும் வேண்டாம் என்று சில மெஷின்கள் விட்டுவிடும், பின் இல்லாமல் முடியாது என்று சில மெஷின்கள் கார்டைத் திருப்பித் தந்துவிடும்.

இது ஏட்டில் மட்டும் இருக்கிற விஷயமில்லை. தெற்கு பிரான்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெட்ரோல் போட நிறுத்தினோம். சூப்பர்மார்க்கெட்டை ஒட்டிய பங்க், கடை பூட்டிக்கிடக்கிறது, பங்கில் ஆள் கிடையாது. நாங்கள் கடைகளில் தினமும் நீட்டிக்கொண்டிருந்த கார்டைச் செருகினால், திரையில் நாலு கட்டம் வந்து கோட் கேட்கிறது. பச்சைப் பொத்தானை வெறுமனே அழுத்திப் பார்த்தோம், கார்டு வெளியே வந்துவிட்டது. பின்னால் இரண்டு கார்கள். என் கணவர் பர்ஸிலிருந்து கிரெடிட் யூனியன் கார்டை எடுத்துச் செருகி நாலு இலக்கம் அடித்தார், உடனே பம்ப் ஓட ஆரம்பித்தது. அந்த இரண்டாவது கார்டு இல்லையென்றால் திங்கள் காலை வரை அங்கேயேதான் இருந்திருப்போம். அதிலிருந்து யார் ஐரோப்பா கிளம்பினாலும் பின் உள்ள கார்டு ஒன்று கையில் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் கேட்கிறேன்.

இப்போது செய்ய வேண்டியவை. உங்கள் பாங்குக்குப் போன் போட்டு, "கடையில் பொருள் வாங்கும்போது அடிக்கிற பின் இந்தக் கார்டுக்கு உண்டா?" என்று கேளுங்கள். வெறுமனே பின் உண்டா என்று கேட்டால் உண்டு என்றுதான் சொல்வார்கள். அவர்கள் சொல்வது ஏடிஎம்மில் கடனாகப் பணம் எடுப்பதற்கான பின். கிரெடிட் கார்டில் அப்படி எடுத்தால் தனியாக ஒரு கட்டணம், எடுத்த அன்றைக்கே வட்டியும் ஓட ஆரம்பிக்கும். அந்த நம்பர் பெட்ரோல் பங்கில் வேலை செய்யும் என்று நம்பிப் போகாதீர்கள். கடைக்கான பின் கிடையாது என்று சொன்னால், பின் தருகிற கிரெடிட் யூனியன் ஏதாவது ஒன்றில் கணக்குத் திறந்து கார்டு வாங்கப் பாருங்கள். விண்ணப்பம், தபால், பின் வந்து சேர்வது எல்லாவற்றுக்கும் நேரம் பிடிக்கும், கோடைப் பயணம் என்றால் இப்போதே ஆரம்பித்துவிடுங்கள். இங்கே வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது, கிரெடிட் ஸ்கோர் இன்னும் ஏறியிருக்காது. கிடைக்காமல் போனாலும் மனம் தளர வேண்டாம்.

ஏனென்றால் போனில் கார்டைச் சேர்த்து வைப்பது இந்தப் பிரச்சினையில் பெரும்பகுதியைத் தீர்த்துவிடுகிறது. ஆப்பிள் பே, கூகுள் பே இரண்டிலும் உங்கள் முகமோ கைரேகையோ பார்த்துப் போனே சரிபார்த்துவிடுவதால், மெஷின் பெரும்பாலும் தனியாகப் பின் கேட்காது. கார்டை வைத்துத் தட்டினால் சுமார் 50 யூரோவுக்கு மேல் போகும்போது செருகச் சொல்லும், போனில் தட்டினால் அந்த வரம்பும் பொதுவாகக் கிடையாது. கிளம்பும் முன்பே சேர்த்துவிடுங்கள், ஏனென்றால் சேர்க்கும்போது பாங்க் உங்கள் அமெரிக்க நம்பருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பும். அந்த சிம் பயணம் முழுக்க உயிரோடு இருப்பது நல்லது, ஆன்லைனில் வாங்கும்போது ஓடிபி கேட்டால் அது பெரும்பாலும் அந்த நம்பருக்குத்தான் வரும். ஆனாலும் தட்டும் வசதியே இல்லாத, செருக மட்டும் முடிகிற பழைய மெஷின்கள் இன்னும் இருக்கின்றன, போனில் சார்ஜும் தீரும்.

ரயில் டிக்கெட்டுக்கு மெஷினே வேண்டாம். பிரான்சில் எஸ்என்சிஎஃப் கனெக்ட், சுவிஸில் எஸ்பிபி மொபைல் என்ற இரண்டு செயலிகளையும் இங்கேயே இறக்கி, கார்டைப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். பாரிஸ் மெட்ரோவில் மட்டும் லண்டன் மாதிரி பாங்க் கார்டைக் கேட்டில் தட்டிவிட்டு உள்ளே போக முடியாது. நவிகோ ஈஸி என்று ஒரு அட்டை, ஆளுக்கு ஒன்று வாங்கி அதில் பயணத்தை ஏற்றிக்கொள்ள வேண்டும். ஒரே அட்டையை அப்பாவும் அம்மாவும் மாற்றி மாற்றித் தட்ட முடியாது.

செலவு விஷயம் ஒன்று இருக்கிறது, பலர் இதைப் பார்ப்பதே இல்லை. வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் என்று இங்கே பல கார்டுகளில் 3 சதவீதம் போடுவார்கள். உங்கள் கார்டின் விதிமுறைத் தாளில் அது இருக்கும். கேபிடல் ஒன் என்ற பாங்க் எந்தக் கார்டுக்கும் இதை வாங்குவதில்லை. புதிதாக வந்தவர்களுக்கு, டெபாசிட் கட்டி வாங்குகிற கார்டு உட்பட, இது நல்ல வழி. டிஸ்கவர் என்ற கார்டுக்கும் இது கிடையாது, ஆனால் ஐரோப்பாவில் அதை எடுக்கிற கடைகள் குறைவு. விசா அல்லது மாஸ்டர்கார்டாக இருக்கட்டும்.

அதைவிடக் கவனமாக இருக்க வேண்டியது பில் கட்டும் நேரத்தில். சுவிஸ் ரெஸ்டாரன்டில் பரிமாறுகிறவர் மெஷினை உங்கள் கையில் கொடுப்பார். திரையில் இரண்டு தொகை தெரியும், ஒன்று ஃபிராங்கில், ஒன்று டாலரில். டாலர் பழகின காசு என்பதால் விரல் தானாக அங்கேதான் போகும். அதை அழுத்தினால் அவர்கள் வைத்ததுதான் மாற்று விகிதம், அதில் சில சதவீதம் கூடுதலாக ஏற்றியிருப்பார்கள். எப்போதும் அந்த ஊர்ப் பணத்தையே அழுத்துங்கள், பிரான்சில் யூரோ, சுவிஸில் ஃபிராங்க். சில இடங்களில் பரிமாறுகிறவரே உங்களைக் கேட்காமல் டாலரை அழுத்திவிடுவார். அப்படி நடந்தால் அந்த பில்லை ரத்து செய்துவிட்டு மறுபடி போடச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, தயங்காமல் கேளுங்கள். ஏடிஎம்மும் இதே கேள்வியைக் கேட்கும். அங்கே மாற்று விகிதத்தை ஏற்கிறீர்களா என்று வந்தால் வேண்டாம் என்று அழுத்துங்கள், பணம் வந்துவிடும்.

ஏடிஎம்முக்கு டெபிட் கார்டு ஒன்று தனியாக எடுத்துப்போங்கள். சுவாப் பாங்கின் செக்கிங் கணக்கில் (அன்றாடச் செலவுக்கான கணக்கு) உலகம் முழுக்க ஏடிஎம் கட்டணத்தைத் திருப்பித் தருகிறார்கள், நம்மவர்கள் நிறையப் பேர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். பின் நாலு இலக்கமாக இருக்கட்டும். விமான நிலையத்திலும் சுற்றுலாத் தெருக்களிலும் நிற்கிற தனியார் ஏடிஎம்களைத் தவிர்த்து, பாங்க் வாசலில் இருப்பதில் எடுங்கள். இந்த டெபிட் கார்டைக் கடைகளில் நீட்ட வேண்டாம், ஏதாவது களவு நடந்தால் போவது உங்கள் சொந்தப் பணம்.

அப்பா அம்மா கார்டைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் எனக்கு அதுதான் கவலை. 2020 அக்டோபர் முதல் இந்தியாவில் புதிதாகத் தரும் கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும், வெளிநாட்டு உபயோகத்தை நாமாகத்தான் செயலியிலோ பாங்கிலோ திறந்துவிட வேண்டும். ஊரிலிருந்து கிளம்பும் முன் அதைச் செய்யச் சொல்லுங்கள். பென்ஷன் கணக்குக்குக் கொடுத்த டெபிட் கார்டு சாதாரண ரூபே என்றால் அது வெளிநாட்டில் ஓடாது, விசா அல்லது மாஸ்டர்கார்டு கேட்டு வாங்க வேண்டும். இந்தியக் கார்டில் 3.5 சதவீதம் வரை கட்டணமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் போடுவது வழக்கம், எனவே அவர்கள் கையில் இருப்பது அவசரத்துக்கு மட்டும். ஈஃபில் கோபுரத்தில் 2024 முதல் யூபிஐ வந்துவிட்டது என்று அப்பா செய்தியில் படித்திருப்பார், அதை வைத்து ஊர் சுற்ற முடியாது. இதையெல்லாம் தாண்டி ஒன்று உண்டு, அவர்களுடைய கார்டில் பின் இருக்கிறது. உங்கள் கார்டு மறுக்கும் மெஷினில் அது வேலை செய்ய நல்ல வாய்ப்பு உண்டு. அம்மாவுக்குப் பின் நினைவிருக்கிறதா என்று ஒருமுறை ஊர் ஏடிஎம்மிலேயே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கார்டுகளை ஒரே பர்ஸில் வைக்காதீர்கள், ஒன்று உங்களிடம், ஒன்று அப்பாவிடம். கார்டின் பின்புறம் இருக்கும் இலவச நம்பர் வெளிநாட்டிலிருந்து கிடைக்காமல் போகலாம். அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து கூப்பிட வேண்டிய இன்னொரு நம்பரும் அங்கேயே பொடி எழுத்தில் இருக்கும், அதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகைக் கார் எடுப்பது யார் பேரில் என்று நீங்கள் எழுதவில்லை. ஓட்டுகிறவர் பேரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள், டெபிட் கார்டை மறுக்கிற இடங்கள் உண்டு. டெபாசிட்டாக ஒரு பெரிய தொகையை நிறுத்தி வைப்பார்கள், உங்கள் கார்டின் வரம்பு சின்னது என்றால் அதிலேயே பாதி போய்விடும், முன்கூட்டியே வரம்பை ஏற்றித் தரக் கேளுங்கள். பிரான்சின் டோல் கேட்டில் கார்டைச் செருகினால் பெரும்பாலும் பின் இல்லாமலே திறந்துவிடும், பயப்பட வேண்டாம். சுவிஸ் எல்லை தாண்டும்போது நெடுஞ்சாலையில் ஓட்டுவதற்கு 40 ஃபிராங்க் கட்டி வில்லை (காரில் ஒட்டும் ஸ்டிக்கர்) வாங்க வேண்டும். பிரான்சில் எடுத்த காரில் அது இருக்காது, ஆனால் கார் நம்பர் தெரிந்தால் ஆன்லைனிலேயே வாங்கிவிடலாம். பாங்கில் பின் பற்றி என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள், அதைப் பார்த்து எந்த கிரெடிட் யூனியன் உங்களுக்குச் சரிப்படும் என்று சேர்ந்து யோசிப்போம்.