கேள்வி – பதில்: கோயில் கல்வெட்டை அப்படியே நம்பலாமா?

வரலாறு எழுதும் முறை குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: ஆறாம் படிவத்தில் வரலாறு படிக்கிறேன். ஹெரோடோட்டஸ், ராங்கே, அன்னால் என்று வரிசையாக மனப்பாடம் செய்கிறோம். ஒருவர் வந்ததும் முந்தையவர் காலாவதியாகிவிட்டார் என்று அர்த்தமா?
– மாணவி, பட்டர்வொர்த்

பதில்: இல்லை அம்மா. முந்தைய தலைமுறை கண்டுபிடித்த சோதனையைக் கையில் வைத்துக்கொண்டுதான் அடுத்த தலைமுறை புதுக் கேள்வி கேட்டது.

கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ் ஊர் ஊராகக் கேட்டு எழுதினார். ஒரே சம்பவத்துக்கு இரண்டு கதைகள் கிடைத்தால் பல இடங்களில் இரண்டையுமே தந்தார். அவருக்கு அடுத்து வந்த கிரேக்கர் துசிடிடிஸ் தம் காலத்துப் போரை எடுத்துக்கொண்டு சாட்சிகளை ஒப்பிட்டார். ஆனால் தலைவர்களின் சொற்பொழிவுகளைச் சந்தர்ப்பத்துக்குப் பொருந்தும்படி தாமே அமைத்ததாக அவரே ஒப்புக்கொள்கிறார்.

ஆவணத்தை முறையாகச் சந்தேகிக்கும் கலை வளர்ந்தது பிற்பாடுதான். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் மேற்கு நாடுகளைப் போப்பாண்டவருக்கு எழுதிக்கொடுத்ததாக ஒரு பத்திரம் இருந்தது. அதிலுள்ள லத்தீன் அந்தக் காலத்து லத்தீனே அல்ல என்று 1440இல் லொரன்சோ வல்லா காட்டினார். 1675இல் பாப்பன்புரூக் என்ற ஏசு சபைத் துறவி பழைய பிரெஞ்சு மடங்களின் சாசனங்களையே சந்தேகித்தார். அதற்கு மபியோன் என்ற பெனடிக்ட் சபைத் துறவி 1681இல் ஒரு நூலாகவே பதில் எழுதினார். எழுத்தின் வடிவம், எழுதிய தோல், முத்திரை, தேதி போடும் வழக்கம், முடிக்கும் வாசகம் என ஒவ்வொன்றையும் எப்படிச் சோதிப்பது என்று அதில் விளக்கினார். பாப்பன்புரூக் அதைப் படித்துவிட்டு மனமார ஏற்றுக்கொண்டார். வரலாற்றுத் துறையில் இப்படிப்பட்ட கண்ணியம் எப்போதும் வாய்ப்பதில்லை.

1824இல் முதல் நூலை வெளியிட்ட ஜெர்மன் வரலாற்றாசிரியர் ராங்கே, இந்தச் சோதனையைப் பல்கலைக்கழகப் பயிற்சியாக்கினார். வெனிஸ் தூதர்களின் அறிக்கைகளை அவர் பெரிதும் நம்பினார். தூதரின் அறிக்கையில் அரண்மனை இருக்கும், உழவனின் வயல் இருக்காது. ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இருந்த மார்க் பிளாக், லூசியன் ஃபெவ்ர் இருவரும் 1929இல் 'அன்னால்' இதழைத் தொடங்கியபோது அந்த வயலையும், விலைவாசியையும், மனிதர்களின் நம்பிக்கைகளையும் வரலாற்றுக்குள் கொண்டுவந்தார்கள். ராங்கேயின் சோதனையை அவர்கள் கைவிடவில்லை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பெயர்கள் தாமாகவே நினைவில் நிற்கும்.

கேள்வி: பினாங்கை நிறுவியவர் ஃபிரான்சிஸ் லைட் என்று நாங்கள் பள்ளியில் படித்தோம். என் பேரப்பிள்ளைகள் வேறு மாதிரி பேசுகிறார்கள். எது சரி?
– வாசகர், ஜார்ஜ்டவுன்

பதில்: லைட் 1786இல் வந்ததும், ஆகஸ்ட் 11ஆம் தேதி கொடியேற்றியதும் உண்மை. வரலாறு அங்கேதான் தொடங்குகிறது என்று வைத்ததுதான் பிழை. தீவு கெடா சுல்தானுடையது. சயாமுக்கு எதிராகப் படை உதவி கிடைக்கும் என்று எதிர்பார்த்தே அவர் இடம் கொடுத்தார். அந்த உதவியைத் தர, லைட் சார்ந்த கிழக்கிந்தியக் கும்பெனி ஒப்பவில்லை. 1791இல் தீவை மீட்க அவர் செய்த முயற்சியும் தோற்றது. சுல்தானுக்கு ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலர் என்ற ஒப்பந்தம் அதன் பிறகு வந்ததுதான்.

ஐரோப்பியர்கள் இந்த வட்டாரத்தைக் கப்பல் தளத்திலும் கோட்டை மதிலிலும் நின்று பார்த்தே எழுதினார்கள் என்று டச்சு அறிஞர் வான் லூர் 1930களிலேயே கண்டித்தார். நிற்கும் இடத்தை மாற்ற வேண்டுமானால் அதற்கு ஆவணம் வேண்டும். அது இருக்கிறது: லைட்டுக்கு மலாய் ஆட்சியாளர்களும் வணிகர்களும் ஜாவி எழுத்தில் (மலாய் மொழிக்கான அரபு வரிவடிவம்) எழுதிய கடிதங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தின் சோவாஸ் நூலகத்தில் உள்ளன. பேரப்பிள்ளைகள் சொல்வதற்குக் காது கொடுங்கள்.

கேள்வி: 1941 கிள்ளான் தோட்ட வேலைநிறுத்தம் பற்றி இரண்டு கட்டுரைகள் படித்தேன். ஒன்றில் 'தூண்டிவிடப்பட்ட கலவரம்', இன்னொன்றில் 'உரிமைப் போர்'. நடுவில் நின்று எழுதுவதுதானே நியாயம்?
– வாசகர், ஷா ஆலாம்

பதில்: இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் உண்மை கிடைக்காது. முதல் கட்டுரை யாருடைய தாளிலிருந்து வந்தது என்று பாருங்கள். சம்பவம் நடந்த வாரத்தில் அதிகாரி மேலிடத்துக்கு எழுதும் அறிக்கையில், 'வெளியாள் வந்து கெடுத்தான்' என்பதுதான் அவருக்குப் பாதுகாப்பான காரணம். அந்தச் சொல் ஆண்டறிக்கைக்குப் போகும், அங்கிருந்து வரலாற்று நூலுக்கு ஏறிவிடும். இந்தியாவில் நடந்த விவசாயிகள் எழுச்சிகளை வைத்து இந்தப் பயணத்தைப் படிப்படியாகக் காட்டியவர் வரலாற்றாசிரியர் ரணஜித் குகா. அவர் தொகுத்த 'விளிம்புநிலை ஆய்வுகள்' வரிசையின் முதல் தொகுதி 1982இல் வந்தது.

இப்போது தொழிலாளர்களின் கோரிக்கைப் பட்டியலுக்கு வாருங்கள். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான சம்பளம், பிள்ளைகளுக்குப் படிப்பு, மருத்துவ வசதி, கள்ளுக்கடையை மூடுவது, பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்துவது. இவற்றோடு இன்னொன்றும் இருக்கிறது: துரையோ (வெள்ளைக்கார நிர்வாகி) கிராணியோ (தோட்டக் குமாஸ்தா) எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம். ஐம்பது வருட ஆண்டறிக்கைகளைப் புரட்டினாலும் தோட்டத்துச் சாலையில் தினமும் நடந்த அந்த அவமானம் இவ்வளவு தெளிவாகத் தெரியாது. சம்பளத்தை எதிர்பார்த்தே படிக்கும் பொருளாதார வரலாற்றுக்காரர் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார். தொழிலாளர் தலைவர் ஆர்.எச். நாதன் மே மாதம் கைதானதும், துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர்கள் இறந்ததும் இரண்டு கட்டுரைகளிலும் இருக்கும். சைக்கிள் எந்தக் கட்டுரையில் இருக்கிறது என்று பாருங்கள்.

கேள்வி: எங்கள் கோயில் கும்பாபிஷேக மலருக்கு வரலாறு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். '150 ஆண்டுப் பழமை' என்கிறார்கள் பெரியவர்கள். கையில் இருப்பது ஒரு கல்வெட்டும் சில பழைய கணக்குப் புத்தகங்களும்தான். எங்கிருந்து தொடங்குவது?
– செயலவை உறுப்பினர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: கடைசியிலிருந்து தொடங்குங்கள். பிரெஞ்சு கிராமங்களின் பழைய வயல் அமைப்பை அறிய, மார்க் பிளாக் நன்றாகத் தெரிந்த பிற்கால வரைபடங்களிலிருந்து பின்னோக்கிப் போனார். நீங்களும் இன்றைய நிலப் பட்டா, சங்கப் பதிவு, அதற்கு முந்தைய திருப்பணி ரசீது என்று ஒவ்வொரு படியாகப் பின்னால் போங்கள். ஆதாரம் எங்கே அறுகிறதோ அங்கே ஒரு கோடு போடுங்கள். '150' என்ற எண்ணை முதலில் வைத்துவிட்டு அதற்குச் சான்று தேடினால், கிடைப்பதெல்லாம் சான்றாகவே தெரியும்.

கல்வெட்டில் ஆங்கில ஆண்டு இருக்கிறதா, தமிழ் ஆண்டின் பெயர் மட்டுமா? 'பிரபவ வருடம் தை மாதம்' என்று மட்டும் இருந்தால், பிரபவ 1867, 1927, 1987 ஆகிய மூன்றிலும் சித்திரையில் பிறந்திருக்கிறது. தை மாதம் அடுத்த ஆங்கில ஆண்டில் விழுவதால் நீங்கள் பார்க்க வேண்டியது 1868, 1928, 1988. அறுபது ஆண்டு பிசகுவது இப்படித்தான். எழுத்து வடிவம் ஒரு சாட்சி. 'லை', 'னை' போன்ற எழுத்துகள் பழைய கொம்பு வடிவில் இருந்தால் 1988 அநேகமாக அடிபடும். அதற்காக அதை 1868 என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கல் சலவைக்கல்லா, சிமெண்டுப் பூச்சா என்றும் பாருங்கள். பழைய செய்தியைப் பின்னாளில் புதிதாகப் பொறித்திருக்கவும் கூடும்.

கல்வெட்டைவிட உங்கள் கணக்குப் புத்தகம் மதிப்புள்ளது. கல்வெட்டு ஊருக்குச் சொல்லவே வைத்தது. எண்ணெய்க்கும் மேளத்துக்கும் எழுதிய செலவுக் கணக்கு யாரையும் நம்பவைக்க எழுதியதல்ல. இப்படி அறியாமல் சொல்லும் சாட்சிகளையே பிளாக் அதிகம் நம்பினார். வரி கொடுத்தவர் பட்டியல் இருந்தால் தொழில், தெரு, தொகை மூன்றையும் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள். கோயிலை யார் தாங்கினார்கள் என்பது அதில் வரும்.

பெரியவர்களைத் தனித்தனியாகச் சந்தியுங்கள். கூட்டமாக உட்காரவைத்தால் மூத்தவர் சொன்னதையே மற்றவர்களும் சொல்வார்கள். 'எந்த வருடம்?' என்று கேட்காமல், 'ஜப்பான்காரன் வருவதற்கு முன்பா, பிறகா?', '71 வெள்ளத்தில் கோபுரம் இருந்ததா?' என்று கேளுங்கள். கண்ணால் கண்டதையும் தாத்தா சொல்லிக் கேட்டதையும் வேறு வேறு பக்கத்தில் குறியுங்கள்.

பழைய பத்திரிகைகளுக்கு, சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையத் திரட்டில் தேடலாம். ஆங்கிலப் பத்திரிகைகளில் கோயில் பெயர் இல்லாமல் சாலையின் பெயரோடு 'இந்துக் கோயில்' என்று மட்டும் வரும். ஆகவே சாலையின் பழைய பெயரை முதலில் கண்டுபிடியுங்கள். தைப்பூசத்தைத் தேடும்போது முதல் எழுத்தை அடுத்து 'எச்' போட்டும் போடாமலும் தேடுங்கள். மலேசியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் சிலாங்கூர் செயலகக் கோப்புகளைக் கேட்டுப் பாருங்கள். நிலம் கேட்டு எழுதிய மனு அங்கே அகப்படலாம்.

மலரில் எழுதும்போது, '1928க்குப் பிந்திய கணக்குகள் உள்ளன. அதற்கு முன்பே கொட்டகைக் கோயில் இருந்ததாகப் பெரியவர்கள் மூவர் கூறுகின்றனர்' என்கிற ரீதியில் எழுதுங்கள். ஆண்டு உங்கள் ஆதாரப்படி மாறும். '150' பற்றி செயலவையில் வாக்குவாதம் வந்தால், அதை 'மரபுச் செய்தி' என்று தனிப் பத்தியில் போடுங்கள். கணக்குப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் படமாக அச்சிடுங்கள், அசலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டிவிடாதீர்கள். ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.