வட்டி கேட்காத நல்லவர்

அன்புள்ள அக்கா,

எனக்கு 24 வயது. மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமம். பி.காம் முடித்துவிட்டு நண்டுச் சதை பதப்படுத்தும் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் 14,000. அம்மா கடலில் முங்கிப் பாசி எடுக்கப் போகிறவர். அந்தப் பாசியில்தான் நான் படித்தேன்.

வேலை வாங்கிக் கொடுத்தவர் அதே கம்பெனியில் சூப்பர்வைசர். எட்டு மாதமாகப் பழகுகிறோம். கூடப் படித்தவர்கள் இதை டேட்டிங் என்கிறார்கள். எங்கள் ஊரில் இதற்குப் பெயர் கிடையாது, கெட்ட பெயர்தான் உண்டு. அவர் நல்லவர், என்னைவிட ஒரு வயது இளையவர். போன் கூட அவர் பெயரில் தவணைக்கு வாங்கிக் கொடுத்தார். ஆனால் கல்யாணப் பேச்சை எடுத்தால் எனக்கு மனசு ஒட்டவே மாட்டேன் என்கிறது. தயங்கினால், "நான் மட்டும் சொல்லலைன்னா நீ இன்னைக்கும் உங்க அம்மாகூட பாசிக்குத்தான் போயிட்டிருப்ப" என்கிறார். போன வாரம் 'எந்நன்றி கொன்றார்க்கும்' குறளை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.

அம்மாவிடம் ஜாடையாகச் சொன்னேன். "உதவுன மனுசரை உதறக் கூடாதுத்தா. நம்ம பாசி வியாபாரியைப் பாரு, 20,000 முன்பணம் கொடுத்து மூணு வருசமாச்சு, ஒத்தைப் பைசா வட்டி கேட்டதில்ல. அந்த நன்றிக்குத்தான நான் வேற ஆளுக்குப் பாசி போடாம இருக்கேன்" என்றார்.

தினமும் படுக்கும்முன் மூன்று நன்றிகளை எழுதுவேன். இப்போது அந்த நோட்டைத் திறந்தாலே அழுகை வருகிறது. நன்றி நாளாக ஆகக் காதலாக மாறுமா? பேசாமல் சென்னைக்குப் போய்விடலாமா? அம்மாவைத் தெப்பப் பாசிக்கு, அதாவது கடலில் மூங்கில் தெப்பம் கட்டிப் பாசி வளர்ப்பதற்கு, மாற்றிவிடலாமா?

வ.

*

அன்புள்ள வ.,

அக்கா என்று எழுதிவிட்டாய், நானும் நீ என்றே எழுதுகிறேன்.

வழக்கமாகக் காதல் கடிதங்களுக்கு இங்கே பதில் போடுவதில்லை. உன் கடிதத்தில் உன் அம்மா சொன்ன அந்த இரண்டு வரிக்காகத்தான் இது. கடற்கரை முன்பணத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாளாக நினைப்பு. உன் அம்மா அதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

முதலில் சில்லறைக் கேள்விகள். ஒரு வயது இளையவர் என்பதெல்லாம் ஒரு பேச்சே இல்லை. டேட்டிங் என்று சொல், பழகுகிறோம் என்று சொல், உன் இஷ்டம். சென்னைக்குப் போவது வேலைக்காக என்றால் தாராளமாகப் போ. ஒருவரிடம் 'இல்லை' என்று சொல்ல வாய் வராமல் 550 கிலோமீட்டர் பஸ் ஏறாதே. போன் அங்கேயும் அடிக்கும்.

இப்போது அந்த 20,000 ரூபாய்க்கு வருகிறேன்.

முன்பணம் எப்படி வருகிறது என்று உனக்குத் தெரியும். காலேஜ் பீஸ், ஒரு பிரசவம், ஒரு சாவு, இல்லாவிட்டால் கடலுக்குப் போகாத நாட்கள். ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் விசைப்படகுக்குத் தடை. பாசிப் பெண்கள் அதையொட்டி 45 நாள் தாங்களாகவே கடலில் இறங்குவதில்லை. மற்ற மாதங்களிலும் அமாவாசையை ஒட்டி 6 நாள், பௌர்ணமியை ஒட்டி 6 நாள், ஆக மாதத்துக்கு 12 நாள்தான் இறங்குவது. கையில் காசு ஓடாத நாட்கள்தான் அதிகம். அந்த நேரத்தில் வியாபாரி எழுத்தில்லை, ஜாமீன் இல்லை, பேப்பர் இல்லை என்று பணத்தை எடுத்துக் கையில் வைப்பார். உதவிதான், நான் மறுக்கவில்லை. பேங்க் அந்த நேரத்தில் கதவைத் திறக்காது.

ஆனால் அவர் வட்டி கேட்பதில்லை என்கிறாரே உன் அம்மா, நீ கணக்கு எழுதுகிற பெண், கொஞ்சம் பென்சிலை எடு. உன் ஊர் விலை எனக்கு வேண்டாம், கூட்டல் கழித்தல் புரிவதற்காக ஒரு விலை வைத்துக்கொள்வோம். மாதம் 60 கிலோ காய்ந்த மரிக்கொழுந்துப் பாசி. முன்பணம் வாங்காதவருக்குக் கிலோ 70 ரூபாய் என்றால் 4,200 கிடைக்கும். முன்பணம் வாங்கியவருக்கு விலை 62. அதற்கு மேல் மணல், ஈரம், சிப்பி என்று 10 கிலோவுக்கு 1 கிலோ கழிவு. 54 கிலோவுக்கு 62 போட்டால் 3,348. வித்தியாசம் 852 ரூபாய். வருஷத்தில் 10 மாதம் பாசி போடுகிறார் என்று வைத்தால் 8,520. 20,000-க்கு இது வருஷத்துக்கு 42.6 சதவீதம். மாதம் 100-க்கு 3 என்று மூணு வட்டிக்கு வாங்கியிருந்தால்கூட 7,200-தான் ஆகியிருக்கும். வட்டிக்காரனை ஊரே திட்டும், இவரைத் தங்கமான மனிதர் என்கிறோம். மூன்று வருஷத்தில் 25,560 போயிருக்கும், 20,000 அசல் அப்படியே நிற்கிறது.

மணல் இருந்தால் கழிக்கத்தான் வேண்டும், அதில் தப்பில்லை. கரை மணலிலேயே பரப்பிக் காயவைத்தால் மணல் ஏறத்தான் செய்யும். பழைய வலையை விரித்து அதன்மேல் பரப்பி, பாதி காய்ந்ததும் புரட்டி, கட்டுமுன் நன்றாக உதற வேண்டும். மரிக்கொழுந்தோடு கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று விலை குறைந்த பாசிகளும் கலந்து கிடந்தால் மொத்தத்துக்கும் மட்டப் பாசி விலைதான் சொல்வார்கள், வீட்டிலேயே பிரித்துவிட வேண்டும். இவ்வளவும் செய்து, கையில் எடுத்தால் சலசலக்கிற பாசியைக் கொண்டுபோய்ப் போட்டாலும் அதே பத்துக்கு ஒன்று கழிவு என்றால், அது மணலுக்கான கழிவு கிடையாது. 'என்னண்ணே, மணலே இல்லையே' என்று உன் அம்மா கேட்க மாட்டார். கேட்க வாய் வராது. அந்த வராத வாய்க்குத்தான் அவர் 20,000 கொடுத்து வைத்திருக்கிறார்.

ஆம்பளைகள் கதையும் இதேதான். படகு முதலாளியிடம் முன்பணம் வாங்கிய கூலி, அதை அடைக்காமல் வேறு படகு ஏற முடியாது. புது முதலாளி பழைய பாக்கியைக் கட்டினால் ஏறலாம். கடன் கைமாறும், ஆளும் கூடவே கைமாறுவான்.

அம்மாவுக்கு இதை எப்படிச் சொல்வது? அவரை ஏமாளி என்று சொல்லிவிடாதே, அவர் உன்னைவிடக் கெட்டிக்காரர். காலில் தகரத் தட்டைக் கட்டி, விரலில் துணியைச் சுற்றி, கண்ணாடி போட்டு முங்கி, பாறையில் கீறிக்கொண்டு கிலோ கிலோவாக எடுத்து வந்தவர். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கு. தேதி, என்ன பாசி, வீட்டில் நின்ற எடை, கடையில் நின்ற எடை, கழிவு, விலை, கைக்கு வந்தது, அவ்வளவுதான். வீட்டு எடைக்கு ஒரு தொங்கு தராசு வேண்டும், தெருவில் நாலு பேர் சேர்ந்து வாங்கலாம். இரண்டு மாதம் எழுதிவிட்டு, முன்பணம் வாங்காத ஒருவரின் விலையைப் பக்கத்தில் எழுது. அதற்குப் பிறகு நீ ஒன்றும் பேச வேண்டாம்.

அடைப்பதற்கும் காலம் பார்க்க வேண்டும். கையில் கொஞ்சம் சேர்ந்தது என்று மார்ச்சில் கொண்டுபோய்க் கட்டினால், ஏப்ரலில் மறுபடி அதே வாசலில் நிற்க வேண்டிவரும், அப்போது விலை இன்னும் இறங்கும். தடைக்காலம் முடிந்து பாசி நன்றாக வருகிற மாதங்களில் கட்டு. 5,000 வீதம் நாலு தடவையாகக் கட்டுவதாக இருந்தால், ஒவ்வொரு தடவையும் விலையைக் கொஞ்சம் கூட்டச் சொல்லிவிட்டுக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் 15,000 அடைத்த பிறகும் மிச்சம் 5,000-க்கு அதே 62 ரூபாய்தான் ஓடும். நிறைய பேர் தோற்பது இந்த இடத்தில். உன் சம்பளத்திலிருந்து கட்டினால் தப்பா என்றால், தப்பில்லை, ஆனால் அம்மாவின் கையால் கட்டு.

தெப்பப் பாசி கேட்டிருந்தாய். மாறலாம். ஆனால் அதிலும் இதே பள்ளம் உண்டு. 12 அடிக்கு 12 அடி மூங்கில் தெப்பம், 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம் நாற்று. அப்படியானால் ஒரு தெப்பத்துக்கு 60 கிலோ. 45 நாளில் அறுக்கலாம். அறுத்ததில் 60 கிலோவை அடுத்த கட்டுக்கு விட்டுவைக்க வேண்டும். கடன் நெருக்கினால் அதையும் சேர்த்துக் காயப்போட்டு விற்றுவிடுவார்கள், பிறகு நாற்றையே கடனுக்கு வாங்க வேண்டும். தெப்பத்துக்கு அடியில் வலை கட்டாவிட்டால் ஓரா மீன் கொறித்துவிடும். தண்ணீர் சூடேறும் காலத்தில் பாசி வெளுத்து உதிரும். முன்பணம் நிற்கும்போது இதில் கால் வைக்காதே.

உன் நோட்டு. அதில் 'வேலை கொடுத்த கம்பெனிக்கு நன்றி, சம்பளம் தந்ததற்கு நன்றி' என்று எழுதுவாய் என்று நினைக்கிறேன். சம்பளத்துக்கு எதற்கடி நன்றி? மாதம் முழுக்க நீ கணக்கு எழுதிக் கொடுத்தாய். சம்பளச் சீட்டு தருகிறார்களா என்று நீ எழுதவில்லை. 20 பேர் வேலை பார்க்கும் இடத்தில் பி.எப். பிடிக்க வேண்டும். உன் 14,000 முழுக்க அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியுமாக இருந்தால் உன் பங்கு 1,680, அதே அளவு அவர்களும் போட வேண்டும். இ.எஸ்.ஐ. இருக்கும் இடம் என்றால் உன் பங்கு 0.75 சதவீதம், 105 ரூபாய், அவர்கள் பங்கு 455. பி.எப். கணக்கு எண் உன் கையில் இருக்கிறதா? இல்லை என்றால் இன்று இரவு நோட்டில் மூன்று நன்றிக்குப் பதிலாக இந்த மூன்று கேள்வியை எழுது: சீட்டு எங்கே, பி.எப். எண் என்ன, இ.எஸ்.ஐ. அட்டை எங்கே. கணக்குப் பிள்ளைக்கே தன் கணக்கு தெரியாமல் இருப்பது எனக்குக் கோபம் வருகிறது.

சரி, அந்தப் பையன். நன்றி காதலாக மாறுமா என்றால், சிலருக்கு மாறியிருக்கும். உனக்கு எட்டு மாதத்தில் மாறவில்லை என்று நீயே எழுதிவிட்டாய், அதற்கு மேல் நான் என்ன சொல்ல? அவர் அனுப்பிய குறளுக்கு ஏழு குறள் முன்னால், அதே அதிகாரத்தில், 'பயன்தூக்கார் செய்த உதவி' என்று இன்னொன்று இருக்கிறது. தூக்குவது என்றால் எடை போடுவது. என்ன கிடைக்கும் என்று நிறுத்துப் பார்க்காமல் செய்த உதவி கடலைவிடப் பெரிது என்கிறார் வள்ளுவர். உன் வேலைக்காக மேனேஜரிடம் பேசிய அன்று அவர் நிறுத்துப் பார்த்திருக்க மாட்டார், எனக்கு அந்த நம்பிக்கை உண்டு. அன்றைக்கு அது கடலின் பெரிதுதான். 'நான் இல்லைன்னா நீ பாசிக்குத்தான் போயிருப்ப' என்ற அன்றைக்குத் தராசைத் தூக்கிவிட்டார். அதுவும் பாசிக்குப் போவது என்னவோ கேவலம் என்பது போல. அம்மாவை வைத்து இப்படிச் சொன்னதற்கே நீ முகத்தைத் திருப்பியிருக்க வேண்டாமா?

அவரிடம் சொல்ல வேண்டியதைப் பகலில், நாலு பேர் நடமாடும் இடத்தில் சொல். பைக்கின் பின்னால் உட்கார்ந்துகொண்டு வேண்டாம், ராத்திரி வாட்ஸ்அப்பிலும் வேண்டாம். 'கல்யாணத்துக்கு எனக்கு மனசில்லை', இது ஒரு வாக்கியம், இதோடு நிறுத்து. 'நீங்க செஞ்ச உதவியை மறக்க மாட்டேன், ஆனா' என்று ஆரம்பித்தாயோ, அவர் உதவியைப் பிடித்துக்கொண்டு விலை பேச ஆரம்பிப்பார். வேலைக்கு நன்றி சொல்ல ஆசைப்பட்டால் இன்னொரு நாள் தனியாகச் சொல். அவர் வாங்கித் தந்த டீ, பிரியாணி, பெட்ரோல் எல்லாம் இரண்டு பேரும் சேர்ந்து கழித்த பொழுது, அதற்குக் கணக்கு வைக்காதே. போன் மட்டும் வேறு. அவர் பெயரில் தவணை ஓடுகிறது என்றால் அது நிஜக் கடன், மீதியை நீ கட்டிவிடு.

அவர் சூப்பர்வைசர், நீ கீழே வேலை பார்ப்பவள் என்பதால் இன்னொன்று. நல்லவர் என்கிறாய், இருக்கட்டும். மறுத்த பிறகு ஷிப்டிலோ வேலையிலோ நெருக்கடி வந்தால், 10 பேர் வேலை பார்க்கும் எந்த இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும், ஒரு பெண்தான் அதன் தலைவர். வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லைக்கான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அது. எழுத்தில் புகார், நடந்த 3 மாதத்துக்குள். அந்த வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் வை, குறளையும் சேர்த்து.

அம்மாவுக்கு என் வணக்கம். அடுத்த அமாவாசைக்குள் நோட்டு வாங்கிவிடு.

அன்புடன்
அக்கா

பி.கு.: போன் தவணையில் இன்னும் எத்தனை மாதம் பாக்கி என்று எழுதவே இல்லை. அந்தத் தொகையையும், அம்மாவின் முதல் மாத எடைகளையும் சேர்த்து எழுது.