கடாரப் படையெடுப்பைப் படமாக்குதல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் திரைத்துறையில் இணை இயக்குநராகப் பணியாற்றுகிறேன். முதலாம் ராஜேந்திர சோழரின் கடாரப் (இன்றைய மலேசியாவின் கெடா) படையெடுப்பை வைத்துப் பெரும் பொருட்செலவில் எடுக்கவிருக்கும் ஒரு படத்துக்குத் திரைக்கதை எழுதிவருகிறோம். இப்போதைய வரைவில் மூன்று கடற்போர்க் காட்சிகள் உள்ளன. கடாரத்து அரண்மனையில் புலிக்கொடி ஏறுவதுடன் படம் முடிகிறது. வரலாற்றிலிருந்து பெரிதும் விலகாமல் இதைச் செய்ய முடியுமா? படையெடுப்புக்கான காரணத்தை எப்படிக் காட்டலாம்?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

உங்கள் வரைவில் என்னைத் தயங்கவைப்பவை அந்த மூன்று கடற்போர்கள்தான். 1025ஐ ஒட்டி நிகழ்ந்த இப்படையெடுப்புக்கு முதன்மையான சான்று ராஜேந்திரரின் மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டுகளின் தொடக்கத்தில் அரசரின் வெற்றிகளைப் பாடும் பகுதி. அதில் கடற்பயணம் ‘அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி’ என்ற ஒற்றை வரியில் முடிந்துவிடுகிறது. அதை எழுதிய புலவர் நின்று நிதானித்துச் சொல்வதெல்லாம் கரையேறிய பின் நடந்தவற்றைத்தான்: கடாரத்தரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் யானைகளோடு பிடிபட்டது, அவன் சேர்த்துவைத்திருந்த பெருநிதி கைக்கொள்ளப்பட்டது, நகரின் போர்வாயிலில் இருந்த வித்தியாதர தோரணம், மணிகள் பதித்த கதவுகள். அதன்பின் ஸ்ரீவிஜயம் (சுமத்ராவை மையமாகக் கொண்ட கடல்வணிகப் பேரரசு, கடாரத்தரசன் எனப்படுபவர் அதன் அரசரே), பண்ணை, மலையூர், இலங்காசோகம், இலாமுரிதேசம், மாநக்கவாரம் என ஊர்ப்பெயர்கள் வரிசையாக வருகின்றன. சுமத்ராவிலிருந்து மலாய்த் தீபகற்பம், நிக்கோபார் வரை சிதறிக் கிடக்கும் இவ்விடங்களைப் பார்த்தால், துறைமுகங்களைத் தாக்கிச் செல்வத்தை வாரிக்கொண்டு நகர்ந்த ஒரு படையே கண்முன் வருகிறது. கடற்போர்களுக்கு ஒதுக்கிய பணத்தை அந்த வாயிலுக்குச் செலவிடுங்கள்.

காரணத்தை மெய்க்கீர்த்தி சொல்வதில்லை. சீனத்துடனான வணிகப் பாதையில் மலாக்கா நீரிணையை ஸ்ரீவிஜயம் தன் பிடியில் வைத்திருந்தது என்பதைக் கொண்டு, வணிகப் பூசலே காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் ஊகிக்கிறார்கள். அது நியாயமான ஊகம். ஆனால் உங்கள் படத்தின் உயிர் அங்கே இல்லை, நாகப்பட்டினத்தில் இருக்கிறது. ஸ்ரீவிஜயத்து அரசர் அங்கே கட்டத் தொடங்கி, அவருடைய மகன் காலத்தில் நிறைவுற்ற சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு 1006 வாக்கில் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை ராஜராஜர் கொடையாக அளித்தார். அந்தக் கொடை என்றும் நிலைக்கும்படி அதைச் செப்பேட்டில் பொறிக்கச் செய்தவர் ராஜேந்திரர். அதே கையால் அவர் எப்படி இந்தப் படையெடுப்புக்கு ஆணையிட்டார் என்பதுதான் திரைக்கதை விடை காண வேண்டிய கேள்வி. ஓலை எழுதும் அதிகாரியையோ விகாரத்துப் பிக்கு ஒருவரையோ கதைக்குள் கொண்டுவந்தால் வசனமே இல்லாமல்கூட இதைச் சொல்லிவிடலாம்.

கலை இயக்குநருக்கு ஒரு குறிப்பு. ஜாவாக் கடலில் கண்டெடுக்கப்பட்ட, 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இந்தான், சிரபோன் கப்பல்களில் பலகைகள் மரமுளைகளாலும் நார்க் கயிற்றாலும் பிணைக்கப்பட்டிருந்தன. ஆகவே எதிரியின் கலத்தை அண்மைக் காட்சியில் காட்டும்போது வரிசையாக இரும்பாணித் தலைகள் தெரியக்கூடாது. காற்றையும் மறக்காதீர்கள். கிழக்கே தள்ளுவது தென்மேற்குப் பருவக்காற்று, திரும்பக் கொண்டுவருவது வடகிழக்குப் பருவக்காற்று என்பதால், நினைத்த நாளில் கிளம்பி நினைத்த நாளில் வீடு திரும்பும் வசனங்கள் எடுபடா. (படைவீரர்களின் அடுக்களையில் மிளகாய் வற்றலைக் காயவைத்துவிடாதீர்கள், அது போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்தது.)

கொடியேற்றத்தை நீக்கிவிடுவதே நல்லது. அங்கே நிலையான சோழ ஆட்சி நடந்ததற்குச் சான்று இல்லை. 1028இலேயே ஸ்ரீவிஜயத்தின் தூதுக்குழு சீன அரசவைக்குச் சென்றிருக்கிறது. 1090இல் கடாரத்தரசனின் தூதர்கள் முதலாம் குலோத்துங்கரிடம் வந்து அதே நாகப்பட்டின விகாரத்துக்குரிய ஊர்களுக்கு வரிவிலக்குக் கேட்டுச் செப்பேடு பெற்றுச் சென்றார்கள். படையெடுப்பைக் கண்ட ஒரு சிறுவன் அப்போது எழுபதைத் தாண்டிய கிழவனாக உயிரோடு இருந்திருக்கக்கூடும். இறுதிக் காட்சியை அவனை வைத்து எழுதிப் பார்த்து அனுப்புங்கள், வாசிக்கிறேன்.