காட்டாமணக்கு நடுவதற்கு முன்

வணக்கம் தம்பி. ஒட்டுசுட்டானில் உள்ள இரண்டு ஏக்கர் மேட்டுக்காணி முழுவதிலும் எரிபொருள் எண்ணெய்க்காகக் காட்டாமணக்கு நடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். விதையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எண்ணெய் என்பது உண்மைதான். ஆனால் தண்ணீர் இல்லாத நிலத்தில் செடி சாகாமல் நிற்குமே தவிர, நன்றாகக் காய்க்காது. இந்தியாவில் 2003 இல் பெரும் எதிர்பார்ப்போடு தொடங்கினார்கள், விளைச்சல் கைகொடுக்கவில்லை. பிண்ணாக்கும் நஞ்சு, மாட்டுக்கு வைக்க முடியாது.

பல்லாண்டுப் பயிர்தான் வேண்டுமென்றால் வேலிகளில் நடும் கிளிசரியா மரத்தை யோசியுங்கள். தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக 2005 இல் இலங்கை அரசு அறிவித்தது அதைத்தான். ஐப்பசி மழையோடு தடி ஊன்றினால் வேர்விடும். வெட்ட வெட்டத் துளிர்க்கும். தடி விறகாகும், தழை வயலுக்குப் பசளை, ஆட்டுக்கும் தீனி.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பச்சைத் தடியின் நிறையில் பெரும்பங்கு தண்ணீர். அப்படியே ஏற்றினால் லொறிக்கூலி இலாபத்தைத் தின்றுவிடும். காயவைத்தே விற்க வேண்டும். வாங்குபவர் யார், எவ்வளவு தூரம், என்ன விலை என்பதை எழுத்தில் பெற்ற பிறகே நடுங்கள். முதல் ஆண்டு வரிசைகளுக்கு நடுவே உழுந்தோ நிலக்கடலையோ போட்டால் வெறுங்கையோடு காத்திருக்க வேண்டியதில்லை.