காட்டு எலி எங்கே போகிறது, எங்கே வருகிறது: கேள்வி பதில்

செல்வி, ஈசூன்: அக்கா, காட்டு எலிக்கு இதுதான் என் இடம் என்று ஏதாவது எல்லை உண்டா? இல்லை, கால்போன போக்கில் திரியுமா?

எல்லை உண்டு, செல்வி. இரை தேட, இணை சேர, குட்டி வளர்க்க அன்றாடம் போய்வரும் பகுதியை அதன் நடமாட்டப் பரப்பு என்கிறோம். 1943-இல் வில்லியம் பர்ட் என்ற அமெரிக்க விலங்கியலாளர் தந்த விளக்கம் இது, இன்றும் இதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறோம். என்றோ ஒருநாள் வெளியே போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தால் அது கணக்கில் சேராது. போய்வரும் இடம் வேறு, அடுத்த எலியை விரட்டிக் காக்கும் இடம் வேறு என்பதையும் பர்ட் பிரித்துக் காட்டினார். அதனால் பல எலிகளின் பரப்பு ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கலாம்.

ரவி, ஜூரோங்: இவ்வளவு சின்ன உயிர் இருட்டில் போகும் வழியை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

வழக்கமான முறை, கட்டம் கட்டமாக உயிரோடு பிடிக்கும் கூண்டுகளை வைத்து, மாட்டியதற்கு அடையாளமிட்டு விடுவது. அதே எலி மறுபடி எங்கெங்கே மாட்டுகிறது என்று வரைபடத்தில் குறிப்போம். ஓரப் புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால் பரப்பு கிடைத்துவிடும். ஆனால் அந்தக் கோட்டுக்குள் எல்லா இடத்துக்கும் எலி போகிறது என்று அர்த்தமில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது ஒளிரும் பொடி முறை. பிடித்த எலியின் மயிரில் பொடியைத் தடவி விட்டுவிட்டு, மறுநாள் இரவு புற ஊதா விளக்கோடு போக வேண்டும். சருகின் விளிம்பில் ஒரு கீற்று, விழுந்த மரத்தின் ஓரம் நெடுக ஒரு கோடு, கொடியில் முழங்கால் உயரத்தில் ஒரு தீற்றல், பிறகு வேர் இடுக்குக்குள் மறைந்துவிடும். அருகிலேயே வெட்டவெளி இருந்தாலும் அந்தப் பக்கம் பொடியே இருக்காது. மறைவு இருக்கிற இடத்தில்தான் அதன் வழி இருக்கும். இதைப் பார்த்தபிறகு வரைபடத்துக் கட்டங்களை அப்படியே நம்பத் தோன்றாது.

எலி இருக்கும் இடத்தைச் சமிக்ஞையால் காட்டும் ரேடியோ பட்டையும் கட்டலாம். பட்டையின் எடை உடலின் 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான வரம்பு, 100 கிராம் எலிக்கு 5 கிராம்தான். இங்கே சிங்கப்பூரில் இதையெல்லாம் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியோடுதான் செய்ய வேண்டும்.

ஃபாத்திமா, தெம்பனிஸ்: ஆண், பெண் வித்தியாசம் உண்டா?

பல இனங்களில் ஆணின் பரப்பு பெரியது, அதுவும் இனப்பெருக்க காலத்தில். பெண்ணுக்கு முக்கியம் உணவும் பத்திரமான கூடும். ஆண் பெண்களைத் தேடி அலைகிறது. தீனி நிறைய இருந்தால் பரப்பு சுருங்கும்.

கார்த்திக், புக்கிட் பாஞ்சாங்: சாலை வந்தால் இவை என்ன ஆகும்?

நம் தீவில் மனத்தை உறுத்தும் கேள்வி இதுதான். 1980களில் வந்த புக்கிட் தீமா விரைவுச்சாலை, புக்கிட் தீமா காட்டையும் மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டையும் இரண்டாக அறுத்தது. காட்டு எலிக்கு ஒரு குறுகிய தார்ச்சாலையே பெரிய தடை, இதில் ஆறு தடச் சாலையை என்ன செய்யும்? பிரிந்துபோன சிறு கூட்டம் உள்ளுக்குள்ளேயே இணைசேர்ந்து நலிந்துபோகும். 2013-இல் அந்தச் சாலைக்கு மேலே விலங்குகள் கடக்க ஈக்கோ லிங்க் பாலம் கட்டிமுடிந்தது, நீளம் 62 மீட்டர். மான், எறும்புண்ணி கடந்தால் செய்தியாகிறது. எலிக்கும் அந்தப் பாலம் வேண்டும். அதற்கு மரம் மட்டும் போதாது. தரையில் புதர், சருகு, மட்கிய மரத்துண்டு எல்லாம் அப்படியே கிடக்க வேண்டும். பார்க்கச் சுத்தமாக இல்லையே என்று யாரும் கூட்டித் தள்ளிவிடக்கூடாது.

லதா, செங்காங்: எங்கள் புளோக் வடிகாலில் எலி. கொல்ல மனமில்லை. பிடித்துக் காட்டில் விடலாமா?

வேண்டாம், லதா. உங்கள் இரக்கம் புரிகிறது. ஆனால் புது இடத்தில் எங்கே பதுங்குவது, எங்கே தீனி என்று எதுவும் அதற்குத் தெரியாது, ஏற்கெனவே அங்கே இருக்கும் எலிகளோடும் மோத வேண்டும். பக்கத்திலேயே விட்டால் திரும்பி வந்துவிடும். ஊர் எலியின் நோய் காட்டு எலிக்குத் தொற்றும் அபாயமும் உண்டு. ஊர் எலி சுவரோரமாகவே, மீசை உரச ஓடும். அடிக்கடி போகும் வழியில் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கும். அந்தத் தடம் எங்கிருந்து எங்கே போகிறது என்று பாருங்கள். ஒரு முனையில் பொந்து, மறுமுனையில் பெரும்பாலும் மூடாத குப்பைத்தொட்டி. நகர மன்றத்திடம் படம் எடுத்துக் காட்டினால் வேலை சீக்கிரம் நடக்கும்.

செல்வி, ஈசூன்: இன்னொன்று, அக்கா. இருட்டில் வழியை எப்படி நினைவு வைக்கிறது?

எலியின் மூளையில் ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியாகத் துடிக்கும் நரம்பணுக்கள் உண்டு. 2014 நோபெல் பரிசு ஜான் ஓகீஃபுக்கும் மோசர் தம்பதிக்கும் கிடைத்தது இந்த வகை ஆராய்ச்சிக்குத்தான். இதைவிட வியப்பு, 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வு. ஐரோப்பியக் காட்டுச் சுண்டெலி இலை, குச்சி போன்றவற்றைத் தூக்கிவந்து தான் தேடும் இடத்தில் அடையாளமாக வைக்கிறது, இடம் மாறினால் அடையாளத்தையும் நகர்த்துகிறது. நம் ஊர் எலிகளும் அப்படிச் செய்கின்றனவா என்று யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். மாணவர்கள் யாருக்காவது ஆசை இருந்தால் எழுதுங்கள், உதவுகிறேன்.

முருகன், பிடோக்: கோப்பிக்கடைப் பக்கம் கீச்சுக் கீச்சென்று ஓடுகிறதே, நீள மூக்கோடு?

அது மூஞ்சூறு, எலிக் குடும்பமே இல்லை. கரப்பானும் பூச்சியும்தான் சாப்பாடு. விட்டுவிடுங்கள்.