உப்பேறிய மண்: இந்த முறை வந்த கேள்விகள்

ஸ்காபரோவில் மகனோடு இருக்கிறேன். பனி கரைந்ததும் பார்த்தால் வீதியோரப் புல் மட்டும் வைக்கோல் மாதிரிக் கிடக்கிறது. வீதிக்குப் போட்ட உப்புத்தான் காரணமாம். மண்ணை வெட்டி எடுத்துப் புதுமண் போடவா?

வேண்டாம் அம்மா. அந்த மண் திருந்தும்.

வீதியில் போட்ட உப்பு, ஒதுக்கித் தள்ளிய பனியோடு ஓரத்தில் குவிந்து, கரையும்போது மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது. ஈரம் இருந்தும் வேரால் அதை உறிஞ்ச முடியாது. களிமண் என்றால் இன்னொரு கேடும் உண்டு. உப்பிலுள்ள சோடியம், மண்ணைப் பொலபொலவென்று வைத்திருக்கும் கல்சியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். மண் இறுகிப்போகும், தண்ணீர் மேலேயே நிற்கும்.

முதலில் ஒரு சோதனை. கண்ணாடிக் கிளாசில் மழைநீர் அல்லது காய்ச்சி வடித்த நீர் எடுங்கள். கடலை அளவு காய்ந்த மண்கட்டி ஒன்றை மெதுவாக உள்ளே விட்டு, ஆட்டாமல் இரண்டு மணித்தியாலம் வையுங்கள். கட்டியைச் சுற்றிப் பால் கரைத்த மாதிரிக் கலங்கினால் சோடியம் பிடித்துவிட்டது. கட்டி உதிர்ந்தும் தண்ணீர் தெளிவாக நின்றால் நல்ல தண்ணீர் மட்டுமே போதும்.

கலங்கினால், 100 சதுர அடிக்கு 2 கிலோ அளவில் ஜிப்சம் தூவுங்கள். அது கல்சியம் உள்ள கனிமத் தூள், சோடியத்தைத் தள்ளிவிடும். தோட்ட முள்ளால் ஆழமாகக் குத்தித் துளை விடுங்கள். பிறகுதான் தண்ணீர். வெறும் மீன் பேணி ஒன்றைப் புல்லில் வைத்து, அதில் ஓர் அங்குலம் நிறைந்ததும் குழாயைப் பூட்டுங்கள். ஊறிய பின் மறுபடி. மொத்தம் 6 அங்குலம் இறங்கினால் உப்பில் பாதியளவு கழுவுப்பட்டுப் போகும். 12 அங்குலம் என்றால் ஐந்தில் நாலு பங்கு.

புல் விதைக்கும்போது கென்ரக்கி புளூகிராஸ் வகை வேண்டாம், அது உப்புத் தாங்காது. ரோல் பெஸ்கியூ வகை தாங்கும். ஓகஸ்ட் கடைசி, செப்டெம்பரில் போட்டால் நன்றாகப் பிடிக்கும். வருகிற பனிக்காலத்தில் வீட்டு வாசலுக்காவது உப்பைக் குறைத்து மணல் போடச் சொல்லுங்கள்.

யாழ்ப்பாணம் அரியாலையில் முற்றத்துக்குப் புல் பதித்தேன். சித்திரையில் கிணறு சவர்க்கத் தொடங்க, மண்ணிலும் வெள்ளை பூக்கிறது. கனடா மாமா ஜிப்சம் போடச் சொல்கிறார்.

தம்பி, மாமாவின் மண்ணுக்குப் பனிக்காலத்தில்தான் உப்பு வருகிறது, குழாயில் நல்ல தண்ணீர் இருக்கிறது. உங்களுக்கு உப்பு வருவதே உங்கள் கிணற்றுக் குழாயால்தான். சவர்த்தண்ணீரை இறைத்துக்கொண்டு ஜிப்சம் போட்டால் காசுதான் கரையும்.

எங்கள் சுண்ணாம்புக்கல்லுக்குள் மழைநீர் கடல்நீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், கீழே உவர்நீர் என்பது இதனால்தான். கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி இருக்கும் என்பது கணக்கு. மேலே ஓர் அடி குறைந்தால் அடியிலிருந்து உவர் எவ்வளவு ஏறும் என்று யோசியுங்கள். ஒரு கோடையில் நானும் கத்தரிக்கு என்று மோட்டரை நாள் முழுக்க ஓடவிட்டேன். மூன்றாம் நாள் தேத்தண்ணீர் கரித்தது. அந்தக் கிணறு மாரி வந்துதான் தேறியது.

ஆகவே கிணற்றுக்குள் மோட்டர்க் குழாயின் அடியில் இருக்கும் பூட்வால்வை மேலே தூக்கிக் கட்டுங்கள். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சமாக இறையுங்கள். வெறும் மண் தெரியும் இடத்தைப் பனையோலையால் மூடினால் வெள்ளை பூப்பது குறையும். புரட்டாதிக்குள் முற்றத்தைச் சுற்றி அரை அடி வரம்பு கட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை வீதிக்கு ஓடாமல் அங்கேயே நின்று இறங்கினால் உப்பையும் கீழே கொண்டுபோகும். இவ்வளவு செய்தும் புல் கருகினால் அறுகைப் பரவவிடுங்கள். அதைவிட உப்புத் தாங்குகிற முற்றப்புல் எங்கள் ஊரில் சுலபமாகக் கிடைக்காது.

ஜிப்சத்துக்குப் பதிலாகச் சுண்ணாம்பு போடலாமா?

கூடாது. சுண்ணாம்புக்கல் தூள் எங்கள் மண்ணில் கரைவதே அபூர்வம். நீற்றின சுண்ணாம்பு மண்ணின் காரத்தை இன்னும் ஏற்றும். பூவரசங்குழை தாழ்த்துங்கள். குழை உக்கும்போது வரும் அமிலம், மண்ணில் ஏற்கெனவே கிடக்கும் சுண்ணாம்பைக் கரைத்துக் கல்சியத்தை வெளியே விடும்.

வீட்டில் குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. மெசினிலிருந்து வீணாக ஓடும் தண்ணீரை மரங்களுக்கு விடுகிறேன். சரிதானே?

கிணற்றில் இருந்ததைவிட உப்புக் கூடிய தண்ணீர் அது. வாசல் கழுவுங்கள், கக்கூசுக்கு ஊற்றுங்கள். எலுமிச்சைக்கு மட்டும் வேண்டவே வேண்டாம்.

காரைநகரில் தறை. வெங்காயத்தின் இலைநுனி எரிகிறது. பசளை போதாதா?

பசளையைக் கூட்டாதீர்கள், அதுவும் உப்புத்தான். மண்ணின் உவர் (அதை அளக்கும் அலகில்) மீற்றருக்கு 1.2 டெசிசைமன்ஸ் தாண்டினாலே வெங்காயத்தின் விளைச்சல் இறங்கத் தொடங்கும். பீற்றூட் 4 வரை தாங்கும். வெங்காயம் வைத்தே ஆகவேண்டும் என்றால் மாரி கழுவிய கையோடு, தை மாதத்திலேயே நடுங்கள். அதற்கு முன் மண்ணை ஒருமுறை பரிசோதிக்கக் கொடுங்கள். விவசாயப் போதனாசிரியரைக் கேட்டால் எங்கே கொடுப்பதென்று சொல்வார்.