பெயர் சிதைந்த எக்ஸெல் கோப்பு: உள்ளே இருப்பது பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும்

கேள்வி: எங்களுடன் தொழில் செய்யும் ஜப்பானிய நிறுவனம் மாதந்தோறும் எக்ஸெல் கோப்புகளை ஜிப்பாகக் கட்டி அனுப்புகிறது. பெயர்கள் ஜப்பானிய எழுத்தில் இருக்கின்றன. எங்கள் கணினியில் பிரித்தால் பெயர்கள் புரியாத குறிகளாக மாறிவிடுகின்றன. சிலவற்றை இருமுறை சொடுக்கினால் கோப்பைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று எக்ஸெல் சொல்கிறது. ஜப்பானிய மொழித் தொகுப்பை நிறுவினால் சரியாகுமா? கோப்பு பழுதாகிவிட்டதா?

பதில்: மொழித் தொகுப்பு தேவையில்லை. பழுதுநீக்கும் மென்பொருள் எதையும் தேடி இறக்கிவிடவும் வேண்டாம். எக்ஸெல் கோப்புக்குள் இருக்கும் கணக்குகளுக்கும் அதன் வெளிப்பெயருக்கும் தொடர்பே கிடையாது. பெயர் எவ்வளவு சிதைந்தாலும் உள்ளே ஓர் எண்கூட மாறாது. நல்ல கோப்பைப் 'பழுதுபார்க்க'ப் போய் உண்மையிலேயே கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

பழுது பெயரிலா உள்ளேயா என்பதை ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். கோப்பை நகலெடுத்து, வட்டின் மேல்மட்டத்திலேயே ஒரு சிறிய கோப்புறை உருவாக்கி அதில் ஒட்டுங்கள். மூலக் கோப்பைத் தொட வேண்டாம். விண்டோஸின் 'காட்சி' பட்டியலில் கோப்புப் பெயர்ப் பின்னொட்டுகள் (பெயரின் கடைசியில் வரும் .xlsx போன்றவை) தெரியும்படி வைத்துக்கொண்டு, நகலுக்கு ஐந்தாறு எழுத்தில் எளிய ஆங்கிலப் பெயர் ஒன்றைக் கொடுங்கள். பின்னொட்டை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள். இப்போது திறந்துகொண்டால் பழுது பெயரிலோ, அது இருந்த பாதையிலோதான் (கோப்பு இருக்கும் கோப்புறைகளின் வரிசைதான் பாதை).

திறக்கவில்லையென்றால் அந்த நகலை நோட்பேடில் திறந்து முதல் வரியை மட்டும் பாருங்கள். இன்றைய எக்ஸெல் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொதி. 'பி', 'கே' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளில்தான் தொடங்கும். அதற்குப் பதிலாகக் கோண அடைப்புக்குறியுடன் வலைப்பக்க நிரல் தெரிந்தால், உங்களுக்கு வந்து சேர்ந்தது கோப்பே அல்ல. பதிவிறக்கத்தின்போது கிடைத்த ஏதோ ஒரு நுழைவுப் பக்கம். அளவு சுழியமாக இருந்தால் பதிவிறக்கம் பாதியில் நின்றிருக்கிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: மீண்டும் இறக்குவது.

உங்கள் விவரிப்பைப் பார்த்தால் பெயர்தான் காரணம் என்று தோன்றுகிறது. இந்த இடத்தில் பலர் பிறமொழிப் பெயர்களை எக்ஸெல்லால் தாங்க முடியவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அது தவறு. விண்டோஸ் என்டி 1993இல் வெளிவந்தபோதே அதன் கோப்பு முறைமை பெயர்களை, உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் தரும் யூனிகோடில் சேமித்தது. ஜப்பானியமோ தமிழோ அரபியோ, கோப்பு ஒரே கணினியில் இருக்கும்வரை பெயருக்குச் சிக்கல் அரிது. ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியில்தான் அடிபடுகிறது.

உங்கள் விஷயத்தில் அந்த வழி ஜிப். பழைய ஜிப் விதிப்படி பெயர்கள் அமெரிக்கக் கணினிகளின் 437 என்ற குறிப்பக்கத்தில் (எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்று சொல்லும் பழைய அட்டவணை) இருப்பதாகக் கொள்ள வேண்டும். பெயர் யூனிகோடில் இருக்கிறது என்று அறிவிக்கும் அடையாளம் 2006இல்தான் விதியில் சேர்ந்தது. அந்த அடையாளமில்லாமல், 932 என்ற ஜப்பானியக் குறிப்பக்கத்தில் எழுதிய பெயரை உங்கள் கணினி வேறொரு குறிப்பக்கத்தில் படித்துக் கிறுக்கலாக்கிவிடுகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. 'அட்டவணை' என்று பொருள்படும் ஜப்பானிய எழுத்து அந்தக் குறிப்பக்கத்தில் இரண்டு பைட்டுகள். இரண்டாவது பைட்டின் எண் 92. பாதையில் கோப்புறைகளைப் பிரிக்கும் பின்சாய்கோட்டின் (\) எண்ணும் அதுவே. குறிப்பக்கம் தெரியாத மென்பொருள் பெயரை அந்த இடத்தில் இரண்டாக வெட்டி, முன்பாதியைக் கோப்புறையாக்கிவிடக்கூடும். அட்டவணைக் கோப்புகளின் பெயரில் இந்த எழுத்து வராமலா இருக்கும்?

தீர்வு எளிது. ஜிப் பிரிக்கும் மென்பொருளான வின்ராரில் அந்த ஜிப்பைத் திறந்து, விருப்பங்கள் பட்டியலில் உள்ள பெயர்க் குறியாக்கத்தில் 932ஐத் தேர்ந்தெடுங்கள். பெயர்கள் சரியாகத் தெரிந்த பிறகு பிரியுங்கள். எளிய சீன எழுத்துக்கு 936, மரபுச் சீனத்துக்கு 950, கொரியனுக்கு 949.

கண்டுபிடிக்க முடியவில்லை என்ற செய்திக்குப் பெரும்பாலும் நீளம் காரணம். இயக்ககத்தின் எழுத்து முதல் பின்னொட்டு வரை முழுப் பாதையும் 218 குறிகளுக்குள் இருக்க வேண்டும் என்பது எக்ஸெல்லின் வரம்பு. ஜிப்பைப் பிரிக்காமல் உள்ளே இருக்கும் கோப்பைச் சொடுக்கினால், விண்டோஸ் அதை ஆழமான தற்காலிகக் கோப்புறை ஒன்றில், ஜிப்பின் பெயரையும் சேர்த்து வைக்கிறது. அங்கேயே நீளம் கூடிவிடும். இணையத்திலிருந்து வரும் சில கோப்புகளில் பெயர் விழுக்காட்டுக் குறிகளாகவே (ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு % குறியும் இரண்டு எழுத்தோ எண்ணோ) தங்கிவிடுவதும் உண்டு. யூனிகோடின் யுடிஎஃப்-8 வடிவில் ஜப்பானிய எழுத்து ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. ஒரு பைட்டுக்கு மூன்று குறி வீதம் ஒன்பது குறிகள். 25 எழுத்துப் பெயர் 225 குறிகளாகும். கோப்புறையைக் கணக்கில் சேர்க்காமலே வரம்பு தாண்டிவிட்டது!

எழுத்தெல்லாம் அடிக்கோடாக மாறி, இரண்டு கோப்புகள் வெவ்வேறு கோப்புறைகளில் ஒரே பெயருடன் நிற்பதும் நடக்கும். ஒரே பெயருள்ள இரண்டை எக்ஸெல் ஒரே நேரத்தில் திறக்காது. ஒன்றை மூடினால் மற்றது திறக்கும்.

விண்டோஸின் நிர்வாக அமைப்பில் யூனிகோட் அல்லாத நிரல்களுக்கான மொழியை ஜப்பானியமாக மாற்றச் சொல்லி யாராவது ஆலோசனை தரலாம். ஒரு ஜிப்புக்காகக் கணினி முழுவதையும் மாற்றாதீர்கள்; பழைய கணக்கு மென்பொருள்களின் எழுத்துகள் அதனால் சிதையக்கூடும்.

கோப்புகளை மேக்ரோவால் (எக்ஸெல்லுக்குள் எழுதும் சிறு நிரல்) திறக்கிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. மேக்ரோ எழுதும் சாளரம் இன்றும் பழைய குறிப்பக்கத்தையே நம்பியிருக்கிறது. அதில் ஜப்பானியப் பெயரை நேரடியாக எழுதினால் கேள்விக்குறிகளாகிவிடும். தமிழுக்கு விண்டோஸில் அப்படி ஒரு குறிப்பக்கமே இல்லாததால் தமிழ்ப் பெயருக்கும் இதே நிலைதான். கோப்புகளைப் பட்டியலிடும் 'டிர்' கட்டளையும் இங்கே கைவிடும். பெயரைக் கோப்புத் தேர்வுப் பெட்டி வழியாகவோ, மேக்ரோவில் கோப்புகளைக் கையாள உதவும் ஃபைல்சிஸ்டம்ஆப்ஜெக்ட் வழியாகவோ பெறுங்கள்.

பெயர் மாற்றும் முன் இன்னொன்றைக் கவனியுங்கள். வேறொரு பணிப்புத்தகம் இந்தக் கோப்பிலிருந்து எண்களை எடுத்துக்கொண்டிருந்தால் அந்த இணைப்பு அறுந்துபோகும். தரவுத் தாவலில் இணைப்புகளைத் திருத்தும் இடத்துக்குப் போய், மூலத்தைப் புதிய பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். புதிய பெயரில் சதுர அடைப்புக்குறி வேண்டாம். சூத்திரங்களுக்குள் கோப்புப் பெயரை எக்ஸெல் அந்தக் குறிக்குள்தான் எழுதுகிறது. பெயரில் அது இருந்தால், தரவைச் சுருக்கித் தொகுத்துக் காட்டும் பிவட் அட்டவணைகள் தடுமாறும்.

மாதந்தோறும் இந்தப் பாடு வேண்டாம் என்றால் அனுப்புபவரிடம் பேசுங்கள். தங்கள் மொழியை விட்டுவிடுங்கள் என்று கேட்பது நியாயமாகாது. 7-ஜிப் போன்ற மென்பொருளில், பெயர்களை யுடிஎஃப்-8இல் எழுதும் வகையில் கட்டி அனுப்பச் சொல்லுங்கள். அதுவும் இயலாதென்றால் கோப்புக்கு எண்களால் ஆன தேதி மட்டும் பெயராக இருக்கட்டும். முழுத் தலைப்பை முதல் தாளின் முதல் கட்டத்தில் ஜப்பானிய மொழியிலேயே எழுதிவிடட்டும்.